முதலாமாண்டு அப்பா

பொறியியல் கல்லூரி திறக்கிற வாரத்தில் தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் அவரைப் பார்க்கலாம். ஒரு கையில் வாளி, அதற்குள் சுருட்டித் திணித்த தலையணை, அக்குளில் ஃபைல். பின்னால் வருகிற பையனின் கையில் செல்போன் மட்டும். வரவேற்பு மேசையில் பையனுக்கு அடையாள அட்டையைக் கொடுத்தால், “எனக்கு?” என்று கேட்பார்.

எங்கள் கல்லூரியில் புது மாணவர்களின் பெற்றோருக்காகச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிகழ்ச்சி உண்டு. சனிக்கிழமை அரங்கில் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் குடியேற்றம். கூட்டத்தில் யார் கை தூக்கினாலும் கார்ட்லெஸ் மைக்கோடு அவரிடம் ஓடுவது என் பொறுப்பு. அதனால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் முகம் மாறும், ஆள் அவரேதான்.

“நூத்தித் தொண்ணூத்திரண்டரை” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பையனின் பெயர் அப்புறம் வரும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குப் போடுகிற கட்-ஆஃப் அது. ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் கணித மார்க், அப்புறம் இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பிறந்த தேதிவரை போய், அதிலும் தீராவிட்டால் ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். இந்த வரிசையைக் கந்த சஷ்டி கவசம் போல ஒப்பிப்பார். வயதில் மூத்தவனுக்கு முன்னுரிமை என்பது அவருக்கு இன்னும் ஆறாத புண். “டாக்டரம்மா ஒரு வாரம் முன்னாடி சிசேரியன் பண்ணியிருந்தா இவனுக்கு வேற காலேஜே கிடைச்சிருக்கும்” என்று மனைவியைப் பார்ப்பார். அந்தம்மா இதைப் பல தடவை கேட்டுவிட்ட முகத்தோடு வாளிக்குள் எதையோ தேடுவார்.

2018-க்கு முன்பென்றால் கவுன்சலிங்குக்குக் குடும்பமே கிண்டிக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும். திரையில் காலியிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்து மாமாவும் சித்தப்பாவும் அங்கேயே சண்டை போடுவார்கள். இப்போது எல்லாம் இணையத்தில். விருப்பப் பட்டியலைப் போட்டதும் இவர், பாஸ்வேர்டு வைத்திருந்ததும் இவர். பையன் எந்தக் கல்லூரியில் சேரப்போகிறான் என்பது பையனுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கும்.

முதல்வர் பேசி முடித்து, “ஏதாவது சந்தேகம் இருந்தால்...” என்பதற்குள் எழுந்துவிடுவார்.

“சார், பிளேஸ்மென்ட்.”

வகுப்பே இன்னும் தொடங்கவில்லை. பையனுக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் நான்காம் ஆண்டின் கவலை முதல் நாள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. வேலைவாய்ப்பு அதிகாரி பெருமையாகத் திரையைக் காட்டுவார். அதில் மிக உயர்ந்த சம்பளம், பெரிய எழுத்தில்.

“இது ஒரு பையன் வாங்கினது சார். ஆவரேஜும் வேணாம், அந்த ஒரு பையனே அதைத் தூக்கிவிட்டிருப்பான். மீடியன் சொல்லுங்க.”

அதிகாரி தண்ணீர் குடிப்பார். அந்த இடத்தில் மட்டும் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதோடு உட்காரமாட்டார். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார். பணம் கட்டி, சேர்ந்து, ரசீது வாங்கியபின். 75 சதவீத வருகைப்பதிவு கட்டாயம் என்று முதல்வர் சொன்னால், “நாங்க நூறே வச்சுக்கிறோம் சார்” என்பார்.

இந்த ‘நாங்க’ அவரோடு பிறந்தது. “நமக்கு மேத்ஸ் பிரச்சினை இல்ல சார், கெமிஸ்ட்ரிதான் கொஞ்சம் இழுக்கும்.” “நாங்க பைத்தான் போன மாசமே ஆரம்பிச்சுட்டோம்.” பக்கத்து நாற்காலியில் பையன் சரிந்துகொண்டே போய், தலைமுடி மட்டும் வெளியே தெரியும். “ப்பா, உட்காருப்பா” என்ற குரல் மட்டும் நாற்காலிக்குக் கீழேயிருந்து வரும். அதுவும் என் மைக்கில் விழும், அரங்கம் சிரிக்கும்.

அவர் வாயைத் திறக்காத நேரமும் ஒன்று உண்டு. ராகிங் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் மாணவனோடு பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு ராகிங்குக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வருஷங்களில் அவரும் மாணவராக இருந்திருப்பார். மற்ற படிவங்களில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர், இதை மட்டும் மூக்குக்கண்ணாடி மாட்டி வரிவரியாகப் படிப்பார். பையனை நிமிர்ந்து பார்ப்பார். மறுபடியும் படிப்பார்.

கடைசி வரிசைகளில் வேறு வகைப் பெற்றோர் இருப்பார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழில் கட்டணச் சலுகை வாங்கியவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில், அரசே கட்டணம் கட்ட, பிள்ளையைச் சேர்த்தவர்கள். கல்லூரி என்ற இடத்துக்குள்ளேயே அன்றைக்குத்தான் வருகிறார்கள். மைக்கை நீட்டினால் வேண்டாமென்று கையசைப்பார்கள். நம்மவர் கேட்கிற கேள்விகளைப் பார்த்து, இவ்வளவு கேட்க வேண்டுமா என்று மிரண்டுபோய் இருப்பார்கள். ஒரு தடவை அவர்களில் ஓர் அம்மா மைக்கை வாங்காமலே, எழுந்திருக்காமலே கேட்டார்:

“ராத்திரில புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா எங்களுக்கு யாரு சார் சொல்லுவாங்க?”

முதல்வரிடம் அதற்கு ஸ்லைடு இல்லை. வார்டனைப் பார்த்தார். வார்டன் துணை வார்டனைப் பார்த்தார். முன்வரிசையில் நம்மவர் எழுந்தார்.

“அதைத்தான் சார் நானும் கேக்க வந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் மின்விசிறியை ஐந்து வேகத்திலும் ஓடவிட்டுப் பார்ப்பார். குழாயைத் திறந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். வார்டனுக்கு எந்த ஊர் என்று விசாரித்து, நாலு நிமிஷத்தில் ஒரு பொதுச் சொந்தக்காரரைக் கண்டுபிடித்து, ஜன்னலோரக் கட்டிலை வாங்கிவிடுவார். மனைவி பருப்புப்பொடி டப்பாவை எடுத்தால், “இதெல்லாம் எதுக்கு, மெஸ்ல நல்லாத்தான் போடறான்” என்று அதட்டுவார். அந்தம்மா பதில் சொல்லாமல் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையனிடம் கொடுத்துவிடுவார்.

ஊர் திரும்பும் பஸ் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் ‘ஃபர்ஸ்ட் இயர் பேரன்ட்ஸ் – பி செக்‌ஷன்’ என்று வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கும். அவரே அட்மின். முதல் பதிவு ரோஜாப்பூவோடு வணக்கம். இரண்டாவது, துறைத்தலைவரின் செல் எண். அதை யாரிடம் வாங்கினார் என்பது துறைத்தலைவருக்கே இன்றுவரை தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகச் சேரும்: பாடத்திட்டம், பழைய வினாத்தாள்கள், விடுமுறைப் பட்டியல், எந்தப் பாடத்துக்கு எந்த ஆசிரியர், அவர் மார்க் போடுகிற கை எப்படி. என் பெயருக்கு எதிரே ‘சுமார்’ என்று எழுதியிருந்ததாகக் கேள்வி.

முதல் இன்டர்னல் தேர்வுக்கு முந்தின நாள் இரவு ஹாஸ்டல் வராந்தாவில் அந்தப் பையன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“அப்பா, நாளைக்கு என்ன எக்ஸாம்ப்பா?”