லயத்துக்கு வந்த ஸ்க்ரம் மாஸ்டர்

கொழும்பில் மென்பொருள் கம்பனியில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளையை உங்களுக்குத் தெரியும். ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கழுத்தில் கம்பனி அட்டை தொங்கும். தீபாவளி லீவுக்கு வந்தாலும் தொங்கும். "எப்ப வந்தீங்க தம்பி?" என்று கேட்டால், "ஸ்பிரிண்ட் முடிஞ்சதும் வந்துட்டேன்" என்பார். எப்போது திரும்பிப் போவார் என்று மட்டும் கேட்கக்கூடாது. அதற்கு அவர் சொல்லும் தேதி எஸ்டிமேட். எஸ்டிமேட்டை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாதாம்.

தம்பி புரோகிராம் எழுதுகிறவர் அல்ல, எழுதுகிறவர்களிடம் "முடிஞ்சிருச்சா?" என்று கேட்கிறவர். இந்த உத்தியோகத்துக்கு ஸ்க்ரம் மாஸ்டர் என்று பெயர். அவருடைய அப்பாயி ஒருநாள் இதைத் தீர விசாரித்தார்.

"நீ வேலை செய்வியா?"

"நான் செய்றதில்ல அப்பாயி. செய்றவங்களுக்குத் தடை வராம பாப்பேன்."

"காலைல எல்லாரையும் நிக்க வச்சு ஆளுக்கு என்னா வேலன்னு கேப்பியா?"

"ஆமா."

"எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் போடுவியா?"

"ஆமா, அதுக்கு வெலாசிட்டின்னு பேரு."

"அப்ப கங்காணின்னு சொல்லேன்ப்பா. அதுக்கு ஏன் இவ்வளவு படிப்பு?"

தம்பி அன்றிரவு ரொட்டியைத் தொடவில்லை.

அவருடைய பேச்சில் வரும் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். திருவிழா அன்னதானத்தில் முதல் பந்திக்கு 'பீட்டா ரிலீஸ்' என்றார், சிரித்தோம். தேர் இழுக்கும் அன்று மழை வரலாம் என்பதை 'ரிஸ்க் ரெஜிஸ்டர்' என்ற ஒன்றில் எழுதி வைத்தார்; மழை அதை வாசிக்காமலே வந்தது. பொறுக்க முடியாதது ஸ்டாண்ட்-அப்.

மேட்டு லயத்துப் பீலியில் தண்ணீர் குறைந்துவிட்டது. மேலே ஊற்றடியிலிருந்து கான் வெட்டிக் குழாய் இறக்கினால் போதும். அதைத் தம்பி 'புரொஜெக்ட்' ஆக்கினார். கோயில் மண்டபச் சுவரில் மஞ்சளும் பச்சையுமாகத் தாள்கள் ஒட்டப்பட்டன. தினமும் மாலையில் எல்லோரும் அதன் முன்னால் வந்து நிற்க வேண்டும்; இதுதான் ஸ்டாண்ட்-அப். பதினைந்து நிமிடம், உட்காரக்கூடாது. ஆளுக்கு மூன்று கேள்வி: நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், தடை என்ன?

பதில்கள் வந்தன. "நேத்து? கொழுந்து எடுத்தேன். இன்னிக்கும் கொழுந்துதான். தடையா? அட்டைதான், வேறென்ன." தம்பி ஒரு மஞ்சள் தாளில் 'அட்டை' என்று எழுதி 'இம்பெடிமென்ட்' என்ற தலைப்பின் கீழ் ஒட்டினார். அடுத்தவர் குளவி என்றார். அதையும் ஒட்டினார். மூன்றாமவர் தன் மருமகளின் பெயரைச் சொன்னபோது பதினைந்து நிமிடம் முக்கால் மணித்தியாலமாகிவிட்டது. கானில் ஒரு மண்வெட்டி மண்கூட அன்று எழும்பவில்லை.

ஸ்க்ரம் என்ற முறையை 1995இல் உலகுக்குச் சொன்னவர்கள் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும். அவர்கள் தங்கள் வழிகாட்டியை 2020இல் திருத்தியபோது இந்த மூன்று கேள்விகளையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் தம்பிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நிற்க வைத்தால் பேச்சு சுருங்கும் என்பது, நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறவர்களுக்காகக் கண்டுபிடித்த தந்திரம். காலையிலிருந்து சரிவில் நின்று கொழுந்தெடுத்து, நிறுவைக்கும் வரிசையில் நின்றுவிட்டு வருகிற பெண்ணை மாலையிலும் நிற்க வைப்பது எந்த ஊர் முகாமைத்துவம்? ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட காலத்திலிருந்து மலையகம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. காலைப் பெரட்டில் யாருக்கு எந்த மலை என்று கண்டாக்கையா சொல்லிவிடுவார், ஆள் கலைந்துவிடும். கொழுந்து முற்றுவதற்குள் அதே மலைக்குத் திரும்பி வரவேண்டும் என்ற ரவுண்டுக் கணக்கும் இங்கே பழையதுதான். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். இதில் எந்தக் கலர்த் தாளும் இல்லை. தயவும் இல்லை என்பது வேறு விஷயம்.

பேக்லொக், அதாவது முடியாமல் தேங்கிக் கிடக்கும் வேலைப் பட்டியல், என்றால் என்னவென்று தம்பி எங்களுக்கே ஒருநாள் வகுப்பெடுத்தார். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2015இல் கோரிக்கையாக எழுந்தது; வர்த்தமானியில் ஏறியது 2021 மார்ச்சில். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளுக்கு வேலை தொடங்கவே 2024 ஆனது. பேக்லொக்கைப் பற்றி மலையகத்தானுக்கு வகுப்பா?

கான் வேலை பிந்தியது. இளந்தாரிகள் இன்னும் பத்துப் பேரை இறக்கலாம் என்று தோட்டத் தலைவர் சொன்னார். தம்பி கையை உயர்த்தித் தடுத்தார். பிந்திய வேலையில் ஆளைக் கூட்டினால் அது மேலும் பிந்தும், இது புரூக்ஸ் விதி என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். ஒன்பது பெண்கள் சேர்ந்தாலும் ஒரு மாதத்தில் பிள்ளை பெறமுடியாது என்று உதாரணமும் சொன்னார், மாதர் சங்கத் தலைவியின் முகத்துக்கு நேரே.

"பிள்ளை பெறச் சொல்லல தம்பி. கான் வெட்டத்தானே சொல்றோம்" என்றார் அந்த அம்மா.

அவர் பிரெட் புரூக்ஸைப் படித்ததில்லை. ஆனாலும் புரூக்ஸ் 1975இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத்தான் சொல்லியிருக்கிறார். ஒருவரோடு ஒருவர் பேசத் தேவையில்லாமல் பிரித்துச் செய்யக்கூடிய வேலையென்றால், கோதுமை அறுப்பது, பருத்தி எடுப்பது மாதிரி, ஆள் கூடினால் நாள் குறையும். மென்பொருளில்தான் அந்தக் கணக்கு பலிக்காது. கொழுந்தும் கானும் கோதுமைக் கட்சி. தம்பி விதியை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறார்.

அவர் கெட்டவர் இல்லை. ஓ.எல். எழுதும் பிள்ளைகளை ராத்திரியில் கூட்டி வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அப்போது ஸ்பிரிண்ட் வராது, ஸ்டேக்ஹோல்டர் வராது; சுத்தமான லயத்துத் தமிழில் முக்கோணம் விளங்கும். வேலைக்கு மனுப்போடுகிற எந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தையும் அவர் திருத்தாமல் அனுப்பவிட்டதில்லை. அவருடைய அம்மா இன்னமும் தினம் பெரட்டுக்குப் போகிறார். மகன் வேலை பார்க்கும் கம்பனியின் பெயரைத் தப்பில்லாமல் சொல்வதற்குப் பழகி வைத்திருக்கிறார். அந்த அம்மாவையும்தான் மகன் மாலையில் சுவர் முன்னால் நிற்க வைத்தார்.

சுவரில் குழாய் வேலை 'டன்', அதாவது முடிந்தது, என்ற பத்தியில் இருக்கிறது. குழாய் ஊற்றடியில் சுருளாகக் கிடக்கிறது. கேட்டால், 'டன்' என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் உண்டு, அதன்படி டிசைன் முடிந்துவிட்டது என்கிறார். பீலியைத் திறந்தால் காற்று வருகிறது.

தம்பி, அடுத்த லீவுக்கு வரும்போது ஒரு மண்வெட்டியோடு வா. இளந்தாரிகள் பத்துப் பேர் தயார்; ஒரு ஞாயிறு போதும். முடியாதென்றால் அந்தத் தாள்களையாவது கழற்றிவிடு. மார்கழி பஜனைக்கு எங்களுக்கு அந்தச் சுவர் வேண்டும்.