கடைமடைக் கோட்பாடு: பொருநைக் கரையில் வீட்டு சர்வர் மேம்பாடு குறித்து ஓர் ஆய்வு

பொருநை எனப்படும் தாமிரபரணியைப் பற்றி எழுதாத துறை இல்லை. கல்வெட்டுக்காரர்கள் எழுதிவிட்டார்கள், பாசனப் பொறியாளர்கள் எழுதிவிட்டார்கள், அல்வாவின் ருசிக்கு ஆற்றுத் தண்ணீர்தான் காரணமா என்று பத்திரிகைகள் சலிக்காமல் எழுதிக்கொண்டிருக்கின்றன. ஆனால் இந்த ஆற்றின் பாசன முறைக்கும், நெல்லை டவுன் வீடுகளில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசி படிந்து முனகிக்கொண்டிருக்கும் மலிவு விலை சர்வருக்கும் உள்ள தொடர்பை அறிஞர் உலகம் இதுவரை தீண்டவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறுவ வேண்டிய கோட்பாடு ஒன்றுதான்: சர்வர் வைத்திருப்பவர் எப்போதும் தலைமடையில்தான் காசைக் கொட்டுகிறார், வீட்டார் அனுபவிப்பதோ கடைமடைக்கு வந்து சேர்வதை மட்டும். ஆகவே மேம்பாடு என்பது கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தில் தொடங்கி, மலைமேல் உள்ள பாபநாசத்தை நோக்கி ஏற வேண்டும். நடைமுறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பொது ஆதரவு முடிந்தது. இன்டெல் ஏழாம் தலைமுறை வரையிலான பிராசஸர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விளைவு, கெட்டி அகராதி அளவே உள்ள மினி கம்ப்யூட்டர்கள் அலுவலகங்களில் கழிக்கப்பட்டு செகண்ட்ஹேண்ட் சந்தைக்கு வந்து சேர்ந்தன. லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி என்று மூன்று குலம். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். லினக்ஸ் போட்டால், சும்மா இருக்கும்போது பத்துப் பதினைந்து வாட்டுக்கு மேல் இழுக்காது. இதற்கு முன்பு அந்த இடத்தில் 2012-இல் 35 டாலர் விலையோடு பிறந்த ராஸ்பெர்ரி பை இருந்தது. அதற்கும் முன்பு, 2010-இல் வந்த எச்பி மைக்ரோசர்வர். மைக்ரோசர்வரின் வரலாறு நின்று பார்க்கத் தக்கது. நாலு டிஸ்க்குக்கு இடம் கொடுத்த பெட்டியில், சிடி டிரைவுக்கான குழியில் ஐந்தாவதைத் திணித்தார்கள். அந்த இணைப்பு மெதுவாக ஓடியதால், யாரோ திருத்திய பயாஸை ஏற்றி அதையும் முழு வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். ராம் 8 ஜிபிதான் என்று கம்பெனி சொன்ன இடத்தில் 16 போட்டு ஓட்டினார்கள். தேவை முந்தியா, மேம்பாடு முந்தியா என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. குழி இருந்தது, டிஸ்க் போட்டார்கள்.

இனி ஆற்றுக்கு வருவோம். தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் பழங்காலத்தவை. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் 1870-களில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. மலைமேல் பாபநாசம் அணை வந்ததோ 1940-களில். கடைமடைக்கு வழிசெய்து ஏறக்குறைய எழுபது ஆண்டு கழித்தே தலையில் தேக்கினார்கள் என்றால், நம் கோட்பாட்டுக்கு வேறு வரலாற்று ஆதரவு தேவையில்லை. ஆனாலும் மக்கள் மனம் தலையிலேயே நிற்கிறது. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கூடச் சொல்வார். கடைமடையில் உள்ள கோரம்பள்ளம் குளத்தில் எத்தனை அடி என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். சர்வர்க்காரரும் இதே ரகம். அவர் வாங்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி விநாடிக்கு மூவாயிரம் மெகாபைட் ஓடும் என்று அட்டையில் போட்டிருக்கும். பெட்டியின் பின்னால் இருக்கும் கிகாபிட் லேன் போர்ட் வழியாக 110-க்கு மேல் வெளியே வராது. ஏட்டுக் கணக்குப்படியே உச்சம் 125-தான். சாதாரணமாகச் சுழலும் ஹார்டு டிஸ்க்கே அதை எட்டிவிடும். அங்கிருந்து பட்டாசலில் இருக்கும் ரவுட்டர். அதற்கப்பால் ரத வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளின் தடித்த சுண்ணாம்புச் சுவர்கள், இரண்டாங்கட்டு, வளவுக்குள் நீண்டு போகும் நடை. அடுக்களைக்குப் போய்ச் சேரும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஐந்தாறு மெகாபைட் மிஞ்சினால் பெரிது. எந்தக் கால்வாயிலும் இவ்வளவு கசிவு இருக்காது. இருபது மீட்டர் லேன் ஒயரும் சுவரில் ஒரு துளையும் இதைத் தீர்த்துவிடும். ஆனால் துளை போட வீட்டம்மாவின் சம்மதம் வேண்டும். எஸ்எஸ்டி வாங்க யார் சம்மதமும் வேண்டாம். தலைமடைச் சார்பின் சமூகவியல் காரணம் இதுவே என்று கருத இடமிருக்கிறது.

மேம்பாட்டைவிட உருமாற்றம் நுட்பமானது. மினி பெட்டிக்குள் இரண்டரை இஞ்ச் டிஸ்க் ஒன்றுக்கும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்றுக்கும்தான் பொதுவாக இடம். மூன்றரை இஞ்ச் டிஸ்க் இரண்டு வேண்டுமென்றால், எம்.2 குழியில் ஆறு சாட்டா போர்ட் கொண்ட கார்டைச் செருகி, மூடியைக் கழற்றி ஒதுக்கிவைத்து, ஒயர்களை வெளியே இழுக்க வேண்டும். கடுகளவு எம்.2 திருகு இந்தக் கட்டத்தில் கட்டிலுக்கடியில் போகும். அதன்பின் கார்டு இன்சுலேஷன் டேப்பில் நிற்கும். பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், பெட்டியின் அடாப்டர் தருவது 19 அல்லது 20. எனவே இரண்டாவது அடாப்டர். பெட்டி இன்வெர்ட்டர் பாயிண்டிலும் டிஸ்க் அடாப்டர் பக்கத்துச் சாதா பாயிண்டிலும் இருந்தால், கரண்ட் போனதும் பெட்டி ஓடிக்கொண்டேயிருக்கும், டிஸ்க் நின்றுவிடும். கல்யாண ஃபோட்டோவெல்லாம் போச்சு என்று வீடு அலறும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் தீர்ந்தது. கடைமடையின் மிக மலிவான உறுப்பு இங்கே பிராசஸரைவிட முக்கியமாகிவிடுகிறது. மூடியில்லாத பெட்டிமேல் 12 செ.மீ. ஃபேன் ஒன்றைக் கட்டுவது மரபு. பராமரிப்பும் இந்தப் பக்கத்து வழக்கப்படி இரு போகம்: கார் போகத்தில், செங்கோட்டைக் கணவாய்க் காற்று கொண்டுவந்து சேர்த்த தூசியைத் தட்டுவது, பிசானத்தில், ஐப்பசி இடிக்கு பயந்து ஒயர்களைப் பிடுங்கிவைப்பது.

ஆட்சேபங்களில் முதலாவது மின்சாரம். பதினைந்து வாட் பெட்டி இரண்டு மாதம் இரவு பகலாக ஓடினால் 21.6 யூனிட். அறுபது வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 86 யூனிட், அதாவது இலவச நூறு யூனிட்டை ஏறக்குறைய அதுவே தின்றுவிடும். தலைமடையைத் தொடுவதற்கு நியாயமான காரணம் இது ஒன்றே என்று கோட்பாட்டைச் சற்றுத் தளர்த்துகிறோம். மற்றபடி, கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலை ஒன்று முழுத்திறனில் ஓடினால் இத்தகைய பெட்டிகள் 6 கோடியே 66 லட்சத்தை ஓட்டலாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் 7 கோடியே 21 லட்சம். ஆளுக்கொன்று கொடுப்பதானால் மிச்சம் 55 லட்சம் பேருக்காக இரண்டாம் உலையையும் கேட்க வேண்டிவரும். கொள்கை வகுப்போர் கவனிக்கட்டும்.

அடுத்தது கனமான ஆட்சேபம்: எல்லாவற்றையும் கூகுளில் போட்டுவிட்டால் என்ன? அது இலவசமாகத் தரும் 15 ஜிபி ஒரு கல்யாண வீடியோவுக்கே காணாது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, நெல்லைச் சந்திப்பு வரை ஆறு ஊருக்குள் வந்ததை எடுத்துக்காட்டினால் தப்ப முடியாது. சர்வர் தரையில் இருந்தால் தண்ணீர். பரணில் இருந்தால் சித்திரையில் தட்டட்டிச் சூடு. ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்கில் எழுதிவைப்பது காப்பு ஆகாது, பெட்டியோடு இரண்டும் மிதக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டைச் சித்தி வீட்டில் ஒரு பிரதி இருக்க வேண்டும். இடையே 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலம் இருக்கிறது. மாதம் ஒருமுறை டிஸ்க்கைப் பையில் போட்டுக் கடப்பது பெரிய காரியமல்ல. அந்தப் பாலத்துக்கு முதலியார் கைப்பணத்தைக் கொடுத்தார், மனைவியின் நகைகளும் போயின என்று ஊரில் சொல்வார்கள். இந்த முன்னுதாரணத்தை சர்வர்க்காரர் வீட்டில் எடுத்துச் சொல்லாமலிருப்பது நலம்.

கடைசி ஆட்சேபம் வீட்டுக்குள்ளிருந்தே வரும்: இதை யார் பார்க்கிறார்கள்? முழு எச்டி படத்துக்கு விநாடிக்கு ஒரு மெகாபைட் சொச்சம் போதும், அதுவும் ஓடுவதில்லை. சர்வர்க்காரர் படங்களை அடுக்குகிறார், பெயர் திருத்துகிறார், போஸ்டர் சேர்க்கிறார், பார்ப்பதில்லை. ஆச்சி யூடியூபில் சமையல் பார்க்கிறாள். ஆயக்கட்டே இல்லாத கடைமடைக்கு என்ன மதிப்பு என்று இங்கே கோட்பாட்டை மடக்கப் பார்ப்பார்கள். வயலெல்லாம் பிளாட் ஆன இடத்திலும் வாய்க்கால் ஓடத்தான் செய்கிறது, அதற்கு மடையும் உண்டு. பயன்பாடு இல்லாமை மேம்பாட்டுக்குத் தடையல்ல என்பது இதனால் பெறப்படும். அடுத்த கட்டமாக, பெட்டியில் சும்மா கிடக்கும் வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு அந்தக் குழியில் 2.5 கிகாபிட் லேன் கார்டைப் பொருத்தலாம். அதற்கேற்ற சுவிட்ச் வேண்டும். சுவிட்ச் வந்தால் ரவுட்டரையும் மாற்ற வேண்டும். ஆச்சியின் போன் மட்டும் 2.4-இலேயே இருக்கும்.