உயில் பெரியப்பா

மார்க்கையன்கோட்டையில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். சின்னமனூரிலும் உண்டு, குச்சனூரிலும் உண்டு. ஆனாலும் இந்த இனத்தில் முழு வளர்ச்சி கண்டவர் எங்கள் தெருக்காரர்தான் என்பது என் ஊர்ப்பற்று. வயது எழுபத்தெட்டு. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நஞ்சை, அதன் வரப்போரம் தென்னை, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வாழைத்தோட்டம் ஒன்று. மகன்கள் மூவர், மகள் ஒருத்தி. உயில்கள் எத்தனை என்பது பத்திர எழுத்தருக்குத்தான் தெரியும். அவரும் எண்ணுவதை விட்டுவிட்டார்.

கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள். பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மஞ்சப்பையை எடுப்பார். உள்ளே தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, போன மாதத்து உயில். சின்னமனூர் பஸ்ஸுக்கு அவர் நிற்பதைப் பார்த்தாலே தெருவுக்கு விளங்கிவிடும், யாரோ ஒரு மருமகள் காபியைத் தாமதித்துவிட்டாள். மொச்சைக் குழம்பில் மூத்தவள் உப்பை மறந்த அன்று தென்னை இருபதும் நடுமகன் பக்கம் போயின. அந்த நடுமகன் பொங்கலுக்கு எட்டு முழம் எடுக்க வேண்டிய இடத்தில் நாலு முழம் எடுத்து வந்தான். சித்திரை பிறப்பதற்குள் அவை சின்னவனிடம் சேர்ந்தன. மரங்கள் என்னவோ நின்ற இடத்தில்தான் நின்றன, யாருக்குக் காய்க்கிறோம் என்றே தெரியாமல்.

சட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சொல்வார். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்தால் நல்லது, கட்டாயமில்லை. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை எழுதினாலும் கடைசியாக எழுதியதே செல்லும். இந்தக் கடைசி ஒன்றுக்காகவே வெள்ளைக்காரனை அவர் மன்னித்திருக்கிறார். பென்னிகுயிக் கட்டிய அணைக்கு அடுத்தபடி அந்த ஆட்சி செய்த புண்ணியம் இதுதானாம்.

சாட்சி பிடிப்பதில் அவர் காட்டும் கவனம் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இருந்ததில்லை. பின்னால் தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே தன் வயதுக்காரர்களை அவர் பக்கத்தில் சேர்ப்பதில்லை. முப்பதைத் தாண்டாத பையன்களாகப் பார்த்துப் பிடிப்பார், பிடித்தபின் அவர்களுடைய ஆயுளுக்கும் அவரே பொறுப்பு. “டேய், பீடியைக் கீழ போடு. பைக்கில எதுக்கு இம்புட்டு வேகம்? நான் போனதுக்கப்புறம் கோர்ட்டுக்கு யாரு வருவா?” எங்கள் தெருவில் இரண்டு பையன்கள் ஹெல்மெட் போடுகிறார்கள் என்றால் அது போலீசுக்குப் பயந்து அல்ல.

புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டரிடம் சான்று வாங்கி உயிலோடு வைப்பதும் உண்டு. இன்றைக்கு என்ன கிழமை என்று டாக்டர் கேட்டாராம். பெரியப்பா கிழமையைச் சொல்லவில்லை. சர்வே எண்ணை உட்பிரிவோடு ஒப்பித்து, நான்கு எல்லையையும் சொல்லி, வடக்கெல்லைக்காரன் வருடா வருடம் வரப்பைச் சீவித் தள்ளிக்கொண்டு வருவதையும் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மகன்களுக்கு உயில் பிடிக்காது. வாழைத்தோட்டத்தையாவது செட்டில்மென்ட் எழுதித் தாருங்கள் என்பார்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது. 2023 ஜூலையில் 40,000 ஆனது. பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000 இருந்தது 10,000 ஆனது. “இன்னும் ஏத்திருவான்ப்பா, இப்பவே முடிச்சிருவோம்” என்று மூத்தவன் பணிவாகச் சொல்வான். செட்டில்மென்ட் எழுதி ஏற்றுக்கொண்டுவிட்டால் நினைத்தபோது ரத்து செய்ய முடியாது என்பது பெரியப்பாவுக்குத் தெரியாதா? “உயில் எழுதுனா நான் அப்பன். செட்டில்மென்ட் எழுதுனா வீட்டுக்கு ஒரு மாசம்” என்பார்.

பெற்றோரைக் கவனிக்காவிட்டால் எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்தேன். அதன் 23ஆம் பிரிவையும், பெற்றோர் பக்கம் நின்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் அவர் எனக்கே விளக்கிவிட்டுக் கேட்டார்: “ஏப்பா, உத்தமபாளையத்துல ஆர்டிஓகிட்ட மனுக் கொடுத்தா நான் கஞ்சி குடிக்கணும்?” பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் கலிபோர்னியாவில் இருக்கும் மகள்வழிப் பேரன் வீடியோ காலில் வந்து ‘லிவிங் ட்ரஸ்ட்’ என்றான். அங்கே உயில் இருந்தாலும் புரோபேட் என்று கோர்ட்டுக்குப் போயாக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும், வக்கீல் கூலி வேறு. அதனால் வீட்டை உயிரோடு இருக்கும்போதே ஒரு ட்ரஸ்ட் பேருக்கு மாற்றிவிடுகிறார்கள். கொடுப்பவரும் அவரே, நிர்வகிப்பவரும் அவரே, அனுபவிப்பவரும் அவரே. பிடிக்காவிட்டால் ரத்து. பெரியப்பா முகத்தில் நான் பார்த்திராத ஒளி. “அப்ப சாமியும் நானே, பூசாரியும் நானே, உண்டியலும் நானேங்கிறே?”

இங்கேயும் 1882ஆம் ஆண்டு ட்ரஸ்ட் சட்டம் உண்டு, குடும்ப ட்ரஸ்ட் எழுதலாம், நிலம் என்றால் பதிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் தேனிப் பக்கத்து நிலத்துக்கும் உயிலுக்கும் புரோபேட் கட்டாயமாக இருந்ததே இல்லை. அது சென்னைக்காரர்கள் பட்ட பாடு. இல்லாத தொல்லைக்குச் செலவு எதற்கு என்று பெரியப்பா யோசிக்கும்போதே பேரன் வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டான்: “உங்களுக்கு அப்புறம் யாரு தாத்தா ட்ரஸ்டி?” மூன்று மகன்களும் கூடத்தில் இருந்தார்கள். யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அடுக்களையில் அப்பளம் பொரியும் சத்தமும் நின்றது. “சிக்னல் சரியில்லப்பா” என்று பெரியப்பா போனை வைத்தார்.

மறுவாரம் போடியிலிருந்து மகள் ஏலக்காய்ப் பொட்டலத்தோடு வந்தாள். உயிலில் அவள் பேர் வந்ததே இல்லை. சீர் செய்தாயிற்று என்பது அவர் கட்சி. அவள் கோபப்படவில்லை. “அப்பா, நஞ்சை உங்களுக்குத் தாத்தாகிட்ட பாகம் பிரிச்சு வந்தது. பிறந்தப்பவே அதில பிள்ளைகளுக்குப் பங்கு. பொண்ணுக்கு 1989லயே தமிழ்நாட்டுல குடுத்தாச்சு, எனக்குக் கல்யாணம் 1992ல. ஊரெல்லாம் 2005ல வந்துச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. அஞ்சில ஒரு பங்குதான் உங்களது. அதையும் வாழைத்தோட்டத்தையும் நீங்க யாருக்கு வேணும்னாலும் எழுதுங்க.”

அதாவது இத்தனை வருடமும் பிள்ளைகளுடையதையே பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிப் பிள்ளைகளுக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பத்திர எழுத்தருக்கு இது தெரியாதா என்று விசாரித்தேன். தெரியுமாம். யாரும் கேட்கவில்லையாம்.

இரண்டு நாள் பெரியப்பா டீக்கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மஞ்சப்பையோடு சின்னமனூர் பஸ்ஸில் ஏறினார். எனக்கும் அங்கே வேலை இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

“எனக்குப் பாத்தியப்பட்ட சகல சொத்துகளும்னு போடுப்பா. அஞ்சில ஒண்ணுன்னு எழுத வேணாம், பயலுக படிச்சுத் தொலைவானுக.”

எழுத்தர் தட்டச்சு செய்துகொண்டே வந்து நிறுத்தினார். “யாருக்குன்னு போடணும் ஐயா?”

“அந்த இடத்தைக் காலியா விடு. தீபாவளி முடியட்டும்.”