தூசு காண் படலம்: ஒரு விருத்தியுரை

பழைய வாக்குவம் கிளீனர்களைத் தேடிச் சேகரிப்போரைப் பணம் மிகுந்தவர் என்று ஒருசாராரும், வேலை குறைந்தவர் என்று மறுசாராரும் கூறுப. இரண்டும் பொருந்தா. அக்கருவி தூசியை நீக்கப் பிறந்தது என்ற பிழையான முடிவிலிருந்து எழுந்தவை இவை. தூசியைக் காட்டப் பிறந்தது என்பதே எம் துணிபு. நீக்கத் துடைப்பம் போதும்.

சான்று தொடக்கத்திலேயே உண்டு. 1901இல் லண்டன் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கண்டார். ஊதினால் தூசி இடம் மாறுமேயன்றி ஒழியாது என்று தெளிந்து, உணவகம் ஒன்றில் நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சினார். புரையேறியது. கைக்குட்டையில் அழுக்கு அப்பியிருந்தது. நாற்காலி சுத்தமாயிற்றா என்று எவரும் எழுதி வைக்கவில்லை. கைக்குட்டையின் கதி மட்டும் வரலாற்றில் ஏறியது. இதை ஊன்றி நோக்குக.

பின்னர் அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவிலேயே நிற்கும். குழாய் மட்டும் சன்னல் வழியே வீட்டுக்குள் நுழையும். சீமாட்டிகள் இதைக் காணத் தோழியரைத் தேநீருக்கு அழைத்தனர். பூத்தும் குழாயில் ஒரு பகுதியை உள்ளே ஓடுவது தெரியும்படி அமைத்துக் கொடுத்தார். தம் கம்பளத்து அழுக்கைத் தாமே விருந்தினர் முன் ஊர்வலம் விட்டார்கள். (விருந்தாளி வருமுன் அழுக்கைக் கட்டிலடியில் தள்ளும் நம் மரபு இதனினும் நாகரிகமானது என்பது தனி ஆய்வுக்குரியது.) முதல் உலகப்போரின்போது லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையிலிருந்து பூத்தின் இயந்திரங்கள் 26 டன் தூசி எடுத்ததாகக் கணக்கு. எடுத்தது வியப்பன்று. நிறுத்துப் பார்த்தார்களே, அது வியப்பு.

அற்றேல், அமெரிக்காவில் நிகழ்ந்தது என்னை எனின்: ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில், கடையொன்றைக் கூட்டிப் பெருக்கிவந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர், ஆஸ்துமா தாளாமல் மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் கூட்டி ஒரு கருவி செய்தார். 1908இல் காப்புரிமை பெற்றார். தோல் பொருள் வியாபாரி ஹூவர் அதை வாங்கினார். தூசி போனால் போதும் என்று மெய்யாகவே விரும்பியவர் ஸ்பேங்ளர் ஒருவரே. பெயர் நின்றதோ ஹூவருக்கு. இது எம் கொள்கைக்குத் தடையன்று, அரண்.

அந்தத் தலையணை உறையின் வாரிசே தூசுப் பை. சேகரிப்போரின் பெருஞ்சிக்கல் இங்கேதான். 1930களின் ஹூவர் ஒன்று பையோடு கிடைக்கிறது. பைக்குள் அக்காலத்துத் தூசி. தட்டுவதா, விடுவதா? விட்டால் துணி நைந்துவிடும் என்பர் தட்டுவோர். ரப்பர் பெல்ட்டை மாற்றலாம், கார்பன் பிரஷ்ஷைப் புதிதாக இடலாம், உலோகத்தைப் பளபளக்கத் தேய்க்கலாம். தூசிக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது என்பர் விடுவோர். கருவி ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தது, தூசியோ ஒரே ஒரு வீட்டினது. ஆதலின் பின்னதே எமக்கு உடன்பாடு.

இனிப் புறனடை. 1950களின் ஹூவர் கான்ஸ்டலேஷன் உருண்டை வடிவினது. சக்கரமின்றித் தான் வெளியேற்றும் காற்றின்மேலேயே மிதந்து நகரும். பூத் வெறுத்த ஊதும் இயந்திரம் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது என்பாரும் உளர். அது மிதப்பதைப் பார்க்க வீடே கூடுகிறது, தூசியை ஏறிட்டுப் பார்ப்பாரில்லை. ஆகவே கான்ஸ்டலேஷன் வைத்திருப்போரை இப்படலத்தில் சேர்ப்பதற்கில்லை. அவர்களை விமானப் பிரியர்களோடு வைத்து ஆராய்க.