சான்று கேட்கும் சான்றோர்

விக்கிப்பீடியாவில் ஒரு நாதஸ்வர வித்வானைப் பற்றி யாராவது நாலு வரி எழுதிச் சேமித்தால் மறுநிமிடமே ஒரு விக்கித் தொகுப்பாளர் வந்து நிற்பாரே, அவரைத்தான் சொல்கிறேன். கட்டுரையின் நெற்றியில் 'குறிப்பிடத்தக்கமை ஐயத்துக்குரியது' என்ற வார்ப்புருவை ஒட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவார். வித்வானின் வாசிப்பை அவர் கேட்டிருக்க மாட்டார். கேட்டால் நடுநிலை கெட்டுவிடும். அவருக்கு வேண்டியது சான்று. ஊர்க் கோவில் கொடியேற்றத்துக்கு நாற்பது வருஷமாக இவர்தான் வாசிக்கிறார் என்றால், "சான்று?" என்பார். கும்பாபிஷேகப் பத்திரிகையை நீட்டினால், அது கோவிலே அச்சடித்தது. சபா துண்டறிக்கை விளம்பரம். சீடர் எழுதிய மலர்க் கட்டுரை சார்புடையது. யூடியூபில் மூன்று லட்சம் பேர் கேட்டார்களா? கேட்டவர்கள் எழுதவில்லையே! கடைசியில் நாளிதழ்ச் செய்தி ஒன்று அகப்பட்டால், அதில் வித்வானுக்கு எத்தனை வாக்கியம், தவில்காரருக்கு எத்தனை வாக்கியம் என்று பங்கு பிரித்து, "போகிற போக்கில் வந்த குறிப்பு" என்று தீர்ப்பெழுதுவார். பெண்ணைப் பார்க்காமல் ஜாதகத்தை மட்டும் புரட்டிவிட்டு வேண்டாம் என்கிற சம்பந்திக்கு இவர் எவ்வளவோ மேல் என்று சொல்ல ஆசைதான், சொல்ல முடியவில்லை.

இவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். மெல்லிசைக் குழு வைத்திருப்பவர்கள் எல்லாம் புனைபெயரில் வந்து தங்களை 'உலகப் புகழ்பெற்ற இசைப் பேரரசர்' என்று எழுதிவைத்துவிட்டுப் போவார்கள். அதைச் சாயங்காலத்துக்குள் மோப்பம் பிடித்துத் தூக்குகிறவர் இவர்தான், அதுவும் காலணா சம்பளம் வாங்காமல். ஒரு கலைஞர் நன்றாக வாசிக்கிறாரா என்று கேட்காமல், அவரோடு தொடர்பில்லாதவர்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று கேட்பதும் நியாயம்தான். ரசனையை அளவுகோலாக வைத்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கச்சேரிச் சண்டை நடக்கும்.

கோளாறு, இவர் கையில் இருக்கும் அளவுகோலில். ஆங்கில விக்கிப்பீடியா இசைக் கலைஞருக்கு வைத்திருக்கும் தகுதிகளில் தேசிய விற்பனைப் பட்டியலில் இடம், தங்க இசைத்தட்டு, பெரிய நிறுவனம் வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள், கிராமி போன்ற விருதுக்குப் பரிந்துரை ஆகியவை உண்டு. இசையைத் தட்டில் அடைத்து விற்கும் ஊருக்கு இது பொருந்தும். முகூர்த்தத்துக்கும் சுவாமி புறப்பாட்டுக்கும் வாசித்துவிட்டு வேட்டி முனையில் சம்பாவனையை முடிந்துகொண்டு போகிறவரை எந்தப் பட்டியலில் தேடுவது? பரவை முனியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-இல் 'தூள்' படத்தில் பாடியபிறகுதான் பத்திரிகைகள் அவரைத் தேடிப் போயின. அதற்கு முன்பே பல ஆண்டுகள் நாட்டுப்புற மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர் அவர். நம்மவரின் கணக்கில் அந்த ஆண்டுகளெல்லாம் சைபர். அந்தம்மாவின் குரல் மாறவில்லை. கேமரா பக்கத்தில் வந்தது, அவ்வளவுதான்.

"எழுத்தில் இல்லாததை எப்படிச் சரிபார்ப்பது?" என்பார். நல்ல கேள்வி. வாய்மொழித் தகவலையும் சான்றாக ஏற்கலாமா என்று 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விக்கிமீடியா நிதியோடு ஒரு முயற்சியே நடந்தது. அந்த விவாதம் இருக்கட்டும். எழுத்தில் இருப்பதையாவது இவர் தேடினாரா? 1930-களிலேயே 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி ஆனந்த விகடனில் தாட்சண்யம் பார்க்காமல் கச்சேரி விமர்சனம் எழுதினார். அதைவிடச் சுதந்திரமான சான்று எங்கே கிடைக்கும்? ஆனால் நம்மவரின் தேடல், வித்வானின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு விதமாகத் தட்டி, கூகுளின் முதல் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. சான்று இணையத்தில் இருக்க வேண்டியதில்லை, ஆங்கிலத்திலும் இருக்க வேண்டியதில்லை, நீக்கக் கோருமுன் தேடிப் பார்க்க வேண்டும் என்று அவர் மேற்கோள் காட்டும் விதிகளே சொல்கின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் திறப்பதில்லை. தேடாமல் 'நீக்குக' என்று போடுவதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு நடுநிலை என்று பெயர் வைப்பது அநியாயம். இத்தனைக்கும் அவர் ஒரு நாள் சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்குப் போய்ப் பழைய இதழ்களைப் புரட்டினாரென்றால், அந்த வித்வானைப் பற்றி வரிக்கு வரி அடிக்குறிப்போடு எழுத அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.