போடிமெட்டு வரைக்கும் நம்ம ரோடு

1989 ஜனவரியில் எங்கள் தெருச் சுவரெல்லாம் சேவல். அ.தி.மு.க. இரண்டாக உடைந்திருந்த நேரம். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. போடிநாயக்கனூரில் சேவலுக்கு ஜெயலலிதாவே நின்றார். புறாவுக்கு வெண்ணிற ஆடை நிர்மலா. 1965இல் ஸ்ரீதரின் ‘வெண்ணிற ஆடை’யில்தான் இரண்டு பேருமே தமிழ் சினிமாவுக்கு அறிமுகமானார்கள். அந்த இருவரும் எங்கள் ஊரில் வந்து மோதினார்கள் என்றால் தெருவில் வேறு என்ன பேச்சு இருக்கும்? எனக்குப் பத்து வயது. பிரசார வேன் பின்னால் ஓடி ஓடிச் செருப்பைத் தொலைத்தேன்.

அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். ஏலச்செடியின் சரம் தூரடியில் தரையோடு கிடக்கும். குத்தவைத்து, இலையை விலக்கி, விளைந்த காயாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சில் கைவைத்தால் கங்காணி சத்தம் போடுவார். அட்டை ஏறாமலிருக்க அம்மா காலில் புகையிலையைத் தேய்த்துக்கொள்வார். ஓட்டுப் போட ஒரு நாள் சம்பளத்தை விட்டார். சாயங்காலம் சோறு பிசைந்து கொடுத்த அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. விரலில் ஓட்டு மை, நகக்கண்ணெல்லாம் காய்க்கறை. மை சில வாரத்தில் போய்விட்டது.

சேவல் ஜெயித்தது. 27 இடம் பிடித்த அணியின் தலைவியாக, தமிழகச் சட்டசபையின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார் எங்கள் எம்.எல்.ஏ. மார்ச் 25ஆம் தேதி சபையில் நடந்த ரகளையில் தலை கலைந்து வெளியே வந்தார். போடியில் அன்று பல வீடுகளில் பெண்கள் அழுததைப் பார்த்திருக்கிறேன். 1991இல் அவர் முதலமைச்சரானபோது நின்ற தொகுதிகள் பர்கூரும் காங்கேயமும்.

அந்த 1989 தேர்தலில் நிர்மலாவுக்காக வேலை பார்த்தவர்களில் ஒருவர் பெரியகுளத்து ஓ. பன்னீர்செல்வம். பின்னால் அவரே ஜெயலலிதா கட்சியின் எம்.எல்.ஏ.வாக போடிக்கு வந்தார். 2011, 2016, 2021 என்று மூன்று முறை ஜெயித்தார். 2014 செப்டம்பரிலும் 2016 டிசம்பரிலும் அவர் முதலமைச்சராகப் பதவியேற்றபோது போடிதான் அவர் தொகுதி. முன்பு எந்த அணியை எதிர்த்து வேலை செய்தாரோ, அதன் தலைவியே தன் நாற்காலியை நம்பி ஒப்படைக்கும் இடத்துக்கு வந்தார். அரசியலில் அந்த நம்பிக்கை சின்ன விஷயமில்லை. அரசு பொறியியல் கல்லூரி 2012இல் போடிக்கு வந்ததையும் சொல்லியாக வேண்டும். காய் எடுக்கிற வீட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள்.

ஆனால் தோட்டத்துக்குப் போகிறவர்கள் காலையில் ஏறுவது அன்றும் ஜீப், இன்றும் ஜீப். விடியுமுன் தூக்குவாளியோடு நிற்பார்கள். ஆளோடு ஆள் ஒட்டி உட்கார்ந்து, கடைசியில் இருப்பவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போடிமெட்டைத் தாண்ட வேண்டும். அம்மா எப்போதும் நடுவில் இடம் பிடிப்பார். ஓரத்தில் உட்கார்ந்தால் பள்ளம் தெரியும் என்பார். மழைக்காலத்தில் அவர் வீடு திரும்பும்வரை நான் வாசலில்தான் இருப்பேன்.

கூலியைப் பற்றிக் கேட்டால், தோட்டம் இடுக்கியில், அது கேரளா என்பார்கள் கட்சிக்காரர்கள். உண்மைதான். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் போயின. ஓட்டு கீழே, உழைப்பு மேலே என்று ஆனது எங்கள் பெண்களுக்கு. மதுரை ரயிலைக் கேட்டால் அது டில்லி. மீட்டர்கேஜ் நின்றுபோய், 2023 ஜூனில் அகலப்பாதையில் ரயில் திரும்பப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. எம்.எல்.ஏ.வால் ஆகாதது எது என்று எங்களுக்கும் தெரியும்.

ஆனால் முந்தலிலிருந்து போடிமெட்டு வரையுள்ள மலைரோடு முழுக்கத் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. அதில் காலை ஐந்து மணிக்கும் சாயங்காலமும் வேலைக்குப் போகிறவர்களுக்கென்றே பஸ் விடுவது சென்னைக் கோட்டையில் முடிவாகிற காரியம். எதிர்க்கட்சித் தலைவரையும் முதலமைச்சரையும் கொடுத்த ஊர் இதைக் கேட்பதில் தப்பில்லை.

அடுத்த முறை போடியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் சரி, கேளுங்கள் தாய்மார்களே: எங்களுக்குப் பஸ் எப்போது?