வளையம் விழச் செய்வது எப்படி?

நான்காம் செமஸ்டர் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் புராஜெக்ட் தலைப்பைக் கொடுக்க வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. விருதுநகர் மாவட்டத்தில் உயிரியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இந்த வாரம் வயிற்றைக் கலக்கும். இதே பெஞ்சில் உட்கார்ந்து, இதே பயத்தோடு ஒரு ஆராய்ச்சியை முடித்து, 'மிக நன்று' வாங்கி வெளியே வந்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் 'இண்டிபெண்டன்ட் புராஜெக்ட்' என்ற சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டும். நீங்கள் சுதந்திரமாக ஆராயப் போகிறீர்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் கைடு உங்களிடமிருந்து சுதந்திரமாக இருப்பார், அவ்வளவுதான். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எட்டுப் பேருக்குக் கைடு, மூன்று கமிட்டியில் உறுப்பினர், கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறதென்றால் ராத்திரி பத்து மணிவரை ஃபைல் எழுதுகிறவர். அவர் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: பிரச்சினை வரக் கூடாது.

பிரச்சினை வராத ஆராய்ச்சிக்கு ஒரு இலை போதும்.

வேப்பிலை, துளசி, குப்பைமேனி, ஆவாரை என எது கிடைத்தாலும் பறித்து நிழலில் காயவையுங்கள். மிக்ஸியில் பொடித்து மெத்தனாலில் ஊறவையுங்கள். அகார் தட்டில் ஈ. கோலையைத் தடவி, கார்க் போரரால் 6 மில்லிமீட்டரில் குழி வெட்டுங்கள். அந்தக் குழிக்கு ஆய்வகத்தில் 'வெல்' என்று பெயர், அதாவது கிணறு. கிணற்றில் சாற்றை ஊற்றி ஒரு ராத்திரி இன்குபேட்டரில் வைத்தால், காலையில் கிணற்றைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் ஒன்று தெரியும். ஸ்கேல் வைத்து அளந்து அட்டவணை போடுங்கள். வளையம் விழுந்தால் புராஜெக்ட் முடிந்தது.

விழவில்லையா? சாற்றைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுங்கள். மெத்தனாலே கிருமியைக் கொல்லக்கூடியதுதான். பக்கத்தில் இன்னொரு கிணறு வெட்டி வெறும் மெத்தனாலை மட்டும் ஊற்றிப் பார்த்தால், கொன்றது இலையா மெத்தனாலா என்று தெரிந்துவிடும். ஆகவே ஊற்றாதீர்கள். என் வளையம் 14 மில்லிமீட்டர். அதில் வேம்பின் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாஸ் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு நேரே பைண்டிங்குக்குப் போகலாம். நாட்காட்டி, டைரி, லேபிள் என்று நாடு முழுவதுக்கும் அச்சடித்துத் தரும் ஊர் நம் சிவகாசி. ரெக்சின் அட்டையில் தங்க எழுத்து இங்கே விழுவதுபோல் வேறெங்கும் விழாது. உள்ளே என்ன இருந்தாலும் வெளியே முனைவர் பட்டக் களை வந்துவிடும்.

அப்படியும் சிலர் அடங்க மாட்டார்கள். கையில் நோட்டும் கண்ணில் ஒரு கேள்வியுமாய் நிற்பார்கள். மீதி அவர்களுக்கு.

அடங்காதவர்கள் முதலில் ஓடுவது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில் இருக்கிறது. 1988இல் அதற்கென்றே சரணாலயம் அறிவித்தார்கள். 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. அழகான பிராணி, அழகான தலைப்பு. ஆனால் காட்டுக்குள் நுழைந்து ஆராய வனத்துறை அனுமதி வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, சென்னைக்குக் கடிதம், நினைவூட்டல் கடிதம். அனுமதி வருவதற்குள் உங்கள் கல்யாணப் பத்திரிகையை இதே சிவகாசியில் அடித்து முடித்திருப்பார்கள். போகிற வழியில் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

காட்டுக்குப் போகாமலே ஆராய முடியுமா என்றால், பக்கத்து ஊர்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர் ஜி. மாரிமுத்துவும் வௌவால் குகையைத்தான் ஆய்வகமாக்கினார்கள். பொழுது தெரியாத இருட்டுக் குகை. அதற்குள் கூண்டில் அடைத்த வௌவாலுக்கு வெளியே அந்தி சாய்ந்தது எப்படித் தெரியும்? குகையில் குடியிருக்கும் மற்ற வௌவால்கள் கூட்டமாய்ப் போவதும் வருவதுமே அதற்குக் கடிகாரம். கூட்டம் இல்லாத குகையில் அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போனது. 1981இல் வெளிவந்த ஆய்வு அது. பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியில் ஜெ. பாலசிங் இன்னும் பக்கத்தில் பார்த்தார். குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவாலின் ஆண், நெட்டிலிங்க மரத்திலும் திரைபோல் தொங்கும் கொடியிலும் தண்டுகளைக் கடித்து ஒடித்துக் கூடாரம் கட்டும் கதையை 1995இல் எழுதினார். எந்தக் கல்லூரி வாசலில்தான் நெட்டிலிங்கம் இல்லை? மூன்று வருடம் அதன் நிழலில் பைக்கை நிறுத்திய நான் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

இனி, உண்மையிலேயே துணிந்தவர்களுக்கு ஒரு தலைப்பு. அது உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. அங்கேயும் ஒரு கிணறுதான், ஆனால் 6 மில்லிமீட்டர் கிணறு அல்ல.

2013இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஜப்பானில் மட்சுயாமா என்ற ஊரில் எஹிமே பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ளவர்களும் நம்மூர் விஞ்ஞானிகளும் சேர்ந்து சிவகாசியிலும் மதுரையிலும் தண்ணீர் எடுத்துப் பெர்குளோரேட் அளந்தார்கள். சிவகாசிப் பக்கம் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கா குடிநீருக்கு வைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டின. மிக அதிகமாக இருந்த மாதிரியில் லிட்டருக்கு 7,690. மதுரை மாதிரிகளில் ஒன்றுகூடத் தாண்டவில்லை. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலிலிருந்தே இது வருகிறது என்று எழுதினார்கள்.

நான் அந்தக் கட்டுரையைப் படித்தது படிப்பு முடிந்து வெகுநாள் கழித்து. கடல் தாண்டி ஒரு ஊர் நம் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறது. பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் அந்தக் கிணற்றடியில் நிற்கக்கூடிய நாங்கள் அகாரில் குழி வெட்டி வேப்பஞ்சாறு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

பெர்குளோரேட் என்பது ஒரு குளோரினைச் சுற்றி நாலு ஆக்சிஜன். அதனால்தான் வாணவேடிக்கைக்கு அது பிடிக்கும். தண்ணீரில் சுலபமாய்க் கரையும், மண்ணில் ஒட்டாமல் நீரோடே போகும், காய்ச்சினாலும் போகாது. உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை இழுக்கும் வாசலில் போய் நின்றுகொண்டு அயோடினை உள்ளே விடாது.

இந்த ஆராய்ச்சியில் மிகக் கடினமான கட்டம் ஒரு லிட்டர் தண்ணீர் வாங்குவது. வேதியியல் அப்புறம். பாட்டிலோடு ஊருக்குள் நுழைந்தால் முதல் கேள்வி, "பொல்யூசன் போர்டா?" இரண்டாவது, "எந்த ஆபீஸ்லருந்து சொல்லி அனுப்புனாக?" இங்கே ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட இடம் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும், தீப்பெட்டியாபீஸ், பட்டாசு செய்யும் பயராபீஸ். அந்தத் தெருவில் பாதி வீட்டுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் வீட்டுக்கும் வரலாம். எங்கள் அம்மா என்னைப் படிக்கவைத்தது தீப்பெட்டியாபீஸ் கூலியில். 'கிணறு கெட்டுப்போச்சு' என்று எழுதிவைத்துவிட்டு அதே தெருவில் சோறு சாப்பிடப் போக முடியுமா என்று யோசித்தே பலர் வேப்பிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே சில குறிப்புகள். தனியாகப் போகாதீர்கள்; தண்ணீர் பிடிக்க வருகிற பெண்கள் நிற்கும் நேரமாய்ப் போங்கள். காலேஜ் அடையாள அட்டையைக் கழுத்தில் போடுங்கள். எதற்கு என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், உப்புச் சோதனை என்று புளுகாதீர்கள். அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று தரம் அலசிப் பிடியுங்கள். தேதி, ஆழம், மழைக்கு முன்னா பின்னா என்பதை அங்கேயே எழுதுங்கள். ஹாஸ்டலில் வந்து யோசித்து எழுதினால் எல்லாக் கிணறும் ஒரே ஆழம் இருக்கும். ஹாஸ்டல் பிரிட்ஜில் பாட்டிலை வைத்தால் பெரிய எழுத்தில் 'குடிக்காதே' என்று ஒட்டுங்கள். கிளம்பும்போது ஒரு அக்கா கட்டாயம் கேட்பார்: "ரிசல்ட் வந்தா வந்து சொல்லுவியாப்பா?" இதற்கு என்ன பதில் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கைடோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கிணற்றடியில் யோசிக்காதீர்கள்.

பயராபீஸில் வேலை பார்க்கும் அத்தான் "மருந்து வேணும்னா டிபன் பாக்ஸ்ல கொண்டாரேன்" என்பார். பாசத்தில் சொல்வதுதான். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஊரில் உராய்வு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆலை கேட்டுக்குள் போகவும் வேண்டாம். உங்கள் வேலை வேலிக்கு வெளியே இருக்கும் தண்ணீரிலும் சேற்றிலும்தான்.

அளப்பதற்கு ஜப்பான்காரர்கள் வைத்திருந்த கருவி நம்மிடம் கிடையாது. ஆனால் கிருமிக்குச் சாயம் ஏற்றும் மெத்திலீன் புளூ ஒவ்வொரு ஆய்வகத்திலும் உண்டு. பெர்குளோரேட்டோடு சேர்ந்தால் அது ஊதாக் கூட்டாகும். குளோரோஃபார்மில் அதைப் பிரித்தெடுத்து நிறத்தைப் பார்க்கலாம். நுணுக்கமான அளவுக்கு இது ஆகாது. கத்துகிறவன் குரல்தான் இதற்குக் கேட்கும், முணுமுணுப்பு கேட்காது. நைட்ரேட் வேறு குறுக்கே வந்து குழப்பும். வெடியுப்பு புழங்கும் ஊரில் நைட்ரேட்டுக்குப் பஞ்சமா? அதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். வெறும் மெத்தனாலை ஊற்றாமல் விட்டவன் சொல்கிறேன், எழுதுங்கள்.

'இதில் உயிரியல் எங்கே?' என்று கைடு கேட்பார். சேற்றில் இருக்கிறது, சார். ஓடை அடியில் கறுத்து நாறும் சேற்றில், காற்று இல்லாத இடத்தில், பெர்குளோரேட்டையே சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. டீகுளோரோமோனாஸ் அதில் ஒரு பேரினம். நாம் ஆக்சிஜனுக்குக் கொடுக்கும் வேலையை அது பெர்குளோரேட்டுக்குக் கொடுக்கிறது. பெர்குளோரேட்டைக் குளோரேட்டாக்கி, அதைக் குளோரைட்டாக்கி, கடைசியில் ஒரு நொதியால் அதை உடைக்கிறது. உடைந்தால் கிடைப்பது சோற்றுப்பில் இருக்கும் அதே குளோரைடும், கொஞ்சம் ஆக்சிஜனும். காற்றே இல்லாத சேற்றுக்குள் ஒரு கிருமி தானே ஆக்சிஜன் தயாரிக்கிறது! பாடப்புத்தகத்தில் ஆக்சிஜன் என்றால் இலையும் வெயிலும் என்றே படித்த நமக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி. நம் ஓடைச் சேற்றில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். பாட்டிலில் சேற்றை விளிம்புவரை நிரப்பி, உணவுக்குச் சோடியம் அசிடேட்டும், வேதியியல் துறையில் கேட்டு வாங்கிய துளிப் பெர்குளோரேட்டும் கரைசலாக விட்டு மூடிவையுங்கள். (25 கிராம் புட்டிக்கு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். பொறுமை.) வாரம் ஒருமுறை ஊதா குறைகிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே ஆட்டோகிளேவில் கொன்ற சேறு ஒரு பாட்டில் இருக்கட்டும். அதிலும் ஊதா குறைந்தால் உங்கள் கிருமி ஒன்றும் செய்யவில்லை என்று பொருள். நைட்ரேட் இருந்தால் கிருமி முதலில் அதைத்தான் பிடிக்கும், பெர்குளோரேட்டைக் காக்கவைக்கும். ஆகவே பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தும் ஊதா அப்படியே இருந்தால் மனம் உடையாதீர்கள்.

வைவாவில் வெளித்தேர்வாளர் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டுவார். நன்றியுரையில் துறைத்தலைவர் பெயருக்கு எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் நடுப்பக்கம் போவார். உங்கள் ஆய்வேட்டை முழுதாய்ப் படிக்கும் ஒரே ஆள் டி.டி.பி. கடை ஆப்பரேட்டர் அண்ணன்தான். நான் வேப்பிலை கொண்டுபோனபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன வருடத்து ஃபைலைத் திறந்து, துளசி இருந்த இடத்திலெல்லாம் வேம்பு என்று மாற்றித் தரவா என்று மட்டும் கேட்டார்.

சமீபத்தில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கிணற்று அட்டவணையை எழுதிக்கொண்டு போனாள். நானும் துணைக்குப் போனேன். ஊர்ப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். அளவுக்குப் பதில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ். வேகமாய் அடித்துக்கொண்டே வந்தவர் ஒன்பதாவது வரியில் நின்றார்.

"இந்த மூணு பிளஸ் எந்தப் பக்கம்மா?"

"ஊர் பேரு சொல்லக் கூடாதுண்ணே."

"பேரு வேணாம். வெம்பக்கோட்டை ரோடா, சாத்தூர் ரோடா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த லட்சுமி காலண்டரைப் பார்த்தேன். அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. மீதி வரிகளை மெதுவாக அடித்து முடித்துவிட்டு, பைண்டிங்குக்கு எத்தனை காப்பி என்றார்.

"நாலுண்ணே."

"அஞ்சா போட்டுக்கிடுதேன். அதுக்குத் துட்டு வேணாம்."